நான்காம் திருத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சாரம் முழுவதையும் பிரித்துவிட்டார்கள். ஆறு வருட வேலை முதல்முறையாக மறைப்பில்லாமல் வெயிலில் நின்றது. சாலையிலிருந்து மேல்தளம் வரை அறுபது மீட்டர் அகலத்துக்கு வெள்ளைக் கல் படிகள். நாற்பத்து மூன்று. அதற்கு மேலே அலை மாதிரி வளைந்த கூரை. புதிய படகு முனையம். எல்லோரும் கைதட்டினார்கள். தள என்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேதை பேசினார். (எங்கள் அலுவலக முதலாளியை அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அப்படித்தான் சொல்வோம். எட்டினாலும் சந்தோஷம்தான் படுவார்.) "இந்தத் துறைமுகத்துக்கு இன்னிக்குத்தான் ஒரு முகம் வந்திருக்கு" என்றார்.

முகமாம். வரிசையாகப் பல்லைக் காட்டுகிற முகம்.

அந்தப் படிகளின் ஊடே ஒரு சாய்தளம் இருந்தது. காகிதத்தில். வரைபடம் 114, மூன்றாம் திருத்தம். எழுபத்தெட்டு மீட்டர் நீளம், நான்கு திருப்பம். சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் மேலே போய்விடலாம். வரைந்தவள் நான். நான்காம் திருத்தத்தில் அது இல்லை. மேதை எடுத்துவிட்டார்.

எடுத்துவிட்டார். எழுதியாயிற்று.

மார்ச் 6, வியாழன்

அலுவலகத்திலிருந்து வந்து வழக்கம்போல அக்கா வீட்டில் சாப்பிட்டேன். அவர்கள் கீழ்த்தளம், நான் இரண்டாம் மாடி. விபத்துக்குப் பிறகு அக்காவுக்காகத்தான் கீழே மாறினார்கள். நான்கு வருடம் முன்னால் ஒரு லாரி அவள் ஸ்கூட்டரை இடித்தது; இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆறாவது மாதமே வேலைக்குத் திரும்பினாள். எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் தொலைபேசி விசாரணைப் பிரிவு. படகில் போனால் இருபது நிமிடம். வளைகுடாவைச் சுற்றிப் பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம், அதிலும் அவளை ஏற்றிக்கொள்ளும் பஸ் நாளுக்கு இரண்டு.

பழைய முனையத்தை இடித்ததிலிருந்து தற்காலிக மிதவை மேடை வழியாகப் போகிறாள். பார்க்கச் சகிக்காத தகரமும் பலகையும். ஆனால் சாலைமட்டத்திலிருந்து நேராக உருட்டிக்கொண்டு போய்விடலாம். புதியது திறந்த அன்றே அதைப் பிரித்துவிடுவார்கள்.

"திறக்கிற அன்னிக்கு முதல் படகுல நான் இருப்பேன்டி" என்றாள். "என் தங்கச்சி கட்டினதுன்னு பக்கத்துல உக்காந்திருக்கிறவன் காது புளிக்கிற வரைக்கும் சொல்லுவேன்."

அத்தான் சிரித்தார். "பாவம் அவன். கடல்ல குதிச்சிடப் போறான்."

நானும் சிரித்தேன். படிகளைப் பற்றிச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லணும்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

பரிசுக் குழு நடுவர்கள் ஐந்து பேரைப் படகில் ஏற்றிக் கரையைச் சுற்றிக் காட்டினோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் மேதையிடம் ஒரு வரி இருந்தது. முறுக்கிக்கொண்டு நிற்கும் வங்கிக் கோபுரம் - "காத்தையே கட்டடமா ஆக்கியிருக்காங்க." ஊர் அதைப் பிழிஞ்ச துண்டு என்கிறது. பொன்நிற ஓடுகள் சாய்ந்து நிற்கும் இசையரங்கம். பழைய தானியக் கிடங்கின் உருளைகளை நெடுக்காக அறுத்துச் செய்த அருங்காட்சியகம். உண்மையிலேயே அழகு, அதன் உள்ளே நின்றால் எனக்கு இன்றும் மயிர் கூச்செறியும். அப்புறம் அறுபது வருடம் பழைய சுங்க அலுவலகம், மழைக்கறை படிந்த கான்கிரீட் பெட்டி. "அந்தத் தீப்பெட்டியை இடிச்சாத்தான் இந்தக் கரை உருப்படும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் எங்களுடையது. தண்ணீரிலிருந்து பார்க்கும்போது - இதை மறைத்து என்ன ஆகப்போகிறது - மூச்சு நின்றுவிடும்.

நடுவர்களில் வயதான அம்மா ஒருத்தர் கைத்தடியைப் படிகளை நோக்கி நீட்டினார். "கால் முடியாதவங்க?"

"பின்பக்கம் லிஃப்ட் இருக்கு. விதிப்படி எல்லாம் சரியா இருக்கு" என்ற மேதை, என் தோளில் கை வைத்தார். "அந்தப் பகுதி இவங்க வரைஞ்சதுதான்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் "ஆமாம், இருக்கு" என்றேன்.

சரக்கு முற்றத்துக்குள் இருக்கிறது அந்த லிஃப்ட். குப்பைத் தொட்டி இறங்குகிற லிஃப்ட். இருக்கு என்றேனே, அது பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

மார்ச் 22, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குத் திறப்பு. படியின் உச்சியில் மேடை. நான் மேதைக்கு இரண்டு பேர் தள்ளி நின்றேன். கீழே கூட்டத்தில் அக்காவும் அத்தானும். புது நீலச் சட்டை, உதட்டுச்சாயம்கூட. அக்கா படிகளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். வழியைத் தேடுகிறாள். நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்ட சேதியை அவள் கண்ணே படித்துக்கொண்டிருந்தது.

காவலாளி ஏதோ சொல்லிப் பின்பக்கம் கை காட்டினான். போனார்கள்.

மிச்சத்தை அத்தான் சொன்னார். சரக்கு வாசல் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விழா பார்க்கப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து வந்தால், லிஃப்டில் ஆறு குப்பைத் தொட்டிகள். அவற்றை இறக்கினால் தரையெல்லாம் அழுக்குத் தண்ணீர், சக்கரத்திலும் அவள் கையிலும். மேலே வந்து சேர ஐம்பது நிமிடம். பேச்செல்லாம் முடிந்து, முதல் படகு போயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கேட்டாள்.

"நீதானே வரைஞ்சே?"

"நான் ரேம்ப் வெச்சிருந்தேன்கா. அவருதான் எடுத்துட்டாரு."

"நீ என்ன செஞ்சே?"

"நான் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை யாரு கேக்குறாங்க?"

அவள் என்னையே பார்த்தாள். "குப்பை போற வழியில என்னை அனுப்பிட்டியேடி."

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த நோட்டிலாவது அதை எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்னால், அக்டோபர். என் மேசைக்கு வந்த மேதை, மூன்றாம் திருத்தத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலால் ஒரே இழுப்பில் படிகளின் கோட்டைப் போட்டார். "பாரு, ஒரே மூச்சுல மேல போகுது. உன் ரேம்ப் முகத்துல போட்ட தையல் மாதிரி இருக்கு. பின்னாடிதான் லிஃப்ட் இருக்கே."

எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. அதுதான் நிஜம். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. நான் பார்த்தேன், சரி என்று பட்டது. அன்று பிற்பகலே நான்காம் திருத்தத்தை வரைந்து கீழே கையெழுத்துப் போட்டேன். அக்கா அப்போது நாற்காலிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் அவள் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி மாட்டிக் கொடுத்தேன். மட்டம் பார்த்து, உயரம் அளந்து, கச்சிதமாக. அவள் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "என் தங்கச்சி மாட்டினா யானையைக் கட்டலாம்" என்றாள்.

ஒரே நாளில். இந்த ஒரே கையால். எப்படி முடிந்தது என்னால்?

ஏப்ரல் 8, செவ்வாய்

லிஃப்ட் ஒரு வாரத்துக்குள் மூன்றாம் தடவை நின்றுவிட்டது. அக்கா மூன்று நாளும் தாமதம். ஆஸ்பத்திரியில் மேலாளர் அழைத்து, "உங்க நிலைமை புரியுது, ஆனாலும்..." என்றாராம். ஆனாலும்!

நிர்வாகத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். "பதிவு பண்ணிட்டோம் மேடம்." எதில் பதிவு பண்ணினீர்கள், தண்ணியிலா?

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் மறுபடியும் லிஃப்ட் இல்லை. அத்தானும் படகு ஊழியர் இரண்டு பேரும் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நாற்பத்து மூன்று படி ஏறியிருக்கிறார்கள். எவனோ படம் எடுத்துப் போட்டுவிட்டான். மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "மனிதம் இன்னும் சாகவில்லை." படத்துக்குக் கீழே ஆயிரம் பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

படத்தில் அக்காவின் முகத்தை ஒருவராவது பார்த்தார்களா? இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு. விழுந்துவிடுவோமோ என்ற பயம்.

சாயங்காலம் அவள் வீடு அதிர்ந்தது. "நான் என்ன மூட்டையா? தூக்கினவனுக்கு மாலை போடுறாங்க, தூக்க வெச்சவனை எவனாவது கேட்டானா?" அத்தான் அவள் எதிரே கை வீங்கி உட்கார்ந்திருந்தார். அவரையும் விட்டுவைக்கவில்லை. "நீங்களும் சிரிக்கிறீங்க படத்துல!"

"மூச்சு வாங்கிச்சு. அது சிரிப்பு இல்லை" என்றார் அவர்.

ஏப்ரல் 18, வெள்ளி

மேதை அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார். பரிசுக்கு அனுப்பும் மலரில் சேர்க்கலாமாம். "படிகள் மனுஷங்களை ஒண்ணு சேர்க்குது பாரு."

கத்திவிட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. "அது என் அக்கா! அவ மூஞ்சியைப் பாருங்க சார்! உங்க படி அவளை ஒண்ணும் சேர்க்கல, சந்தி சிரிக்க வெச்சிருக்கு!"

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் படத்தைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மெதுவாக, "உணர்ச்சிவசப்படாதே. கையெழுத்து யாருதுன்னு ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

இருக்கு சார். அது ஒன்றுதான் இருக்கு.

மே 5, திங்கள்

அக்கா துறைமுக ஆணையத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறாள். தானே எழுதிய நாலு பக்கம். முன்வாசலில் சாய்தளம் வேண்டும். கட்டும்வரை மிதவை மேடையைத் திரும்பப் போட வேண்டும். 27ஆம் தேதி விசாரணை.

மேதை என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "முன்பக்கம் ரேம்ப் வைக்க இடம் போதாதுன்னு ஒரு அறிக்கை எழுதிக் கொடு. வடிவமைப்பாளர் நீதான், உன் வார்த்தையைத் தட்ட மாட்டாங்க. உன் பேரும் தப்பிச்சிடும்."

இடம் போதும். மூன்றாம் திருத்தமே சாட்சி. அதைக் காட்டினால் நான்காவதையும் காட்ட வேண்டும். இரண்டின் அடியிலும் என் கையெழுத்து.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? தூ.

மே 6, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்று சொன்னேன், உட்காராமல்.

"சொல்லிப் பார்த்தேன்னு சொன்னியே?"

"இல்லக்கா. ஒண்ணும் சொல்லல. நானே வரைஞ்சு நானே கையெழுத்துப் போட்டேன்."

"பயமுறுத்தினாரா?"

"இல்ல. எனக்கும் அழகா தெரிஞ்சிது."

"எப்போ?"

தேதியைச் சொன்னேன். குளியலறைக் கம்பி மாட்டிய நாள் என்பதையும் சொன்னேன். அவள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் மடித்தாள். அத்தான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அக்கா, மன்னிச்சிடு..."

"அந்த ரெண்டு படத்தையும் விசாரணைக்கு எடுத்துட்டு வா. மன்னிப்பை நீயே வெச்சுக்கோ."

மாடிக்கு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

மே 27, செவ்வாய்

விசாரணை அந்தத் தீப்பெட்டியில்தான் நடந்தது, சுங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். வாசல் சாலைமட்டத்தில். அகலமான கதவு. பழைய, கடகடக்கும், பெரிய லிஃப்ட். அக்கா யாரையும் எதுவும் கேட்காமல் முன்வாசல் வழியாக நுழைந்து, பொத்தானை அமுக்கி, மேலே போய்விட்டாள். ஊரிலேயே அசிங்கமான கட்டடம். அதை வரைந்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அந்தப் பெயர் தெரியாதவர் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

மேதை "இடம் போதாது" என்றார். அரைமணி நேரம், அழகாக. பிறகு என் முறை. இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். விசாரணைத் தலைவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அப்போ இடம் இருந்திருக்கு."

"இருந்தது. இப்பவும் இருக்கு."

"நாலாம் திருத்தத்துல இருக்கிற கையெழுத்து?"

"என்னுது."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அறையில் பாதிப்பேர் நம்பியிருப்பார்கள். மீதிப்பேர் பரிதாபப்பட்டிருப்பார்கள். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை. எடுக்கச் சொன்னது அவர். எடுத்தது நான்."

வெளியே தாழ்வாரத்தில் மேதை என்னைக் கடந்து போகும்போது நின்றார். "உனக்கு எல்லாம் கத்துக் கொடுத்தேன்."

"ஆமா சார். நல்லாவே கத்துக்கிட்டேன். அதான் கேவலமா இருக்கு."

மே 28, புதன்

வேலை போய்விட்டது. பதினெட்டு வருடம், இரண்டு அட்டைப்பெட்டி.

ஜூன் 19, வியாழன்

தீர்ப்பு. ஆறு மாதத்துக்குள் சாய்தளம் கட்ட வேண்டும். அதுவரை மிதவை மேடை. எனக்கு ஒரு வருடம் வரைபடங்களில் கையெழுத்திடத் தடை. மேதைக்கு அறிவுரை.

அறிவுரை!

அத்தான்தான் மாடியேறி வந்து சொன்னார். "அவ சந்தோஷமாத்தான் இருக்கா. ஆனா..." என்று இழுத்தார். அந்த 'ஆனா' எனக்குப் புரிந்தது. தினமும் அவர்கள் கதவைத் தாண்டித்தான் படியேறுகிறேன். உள்ளே அக்கா போனில் சிரிப்பது கேட்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடும்.

ஜூலை 11, வெள்ளி

பரிசு கொடுத்துவிட்டார்கள். இந்த ஆண்டின் சிறந்த பொதுக் கட்டடம். பொதுவாம்! பேட்டியில் மேதை: "ஒரு ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த சிறு குறை சரிசெய்யப்படுகிறது."

பத்திரிகையைக் கிழித்தேன். பிறகு ஒட்டவைத்து மறுபடி படித்தேன். கவனக்குறைவா? அவ்வளவு கவனமாக என் வாழ்க்கையில் நான் எதையும் வரைந்ததில்லை ஐயா.

ஆகஸ்ட் 20, புதன்

காலை ஏழு மணிக்குப் போன். அக்கா. மூன்றரை மாதம் கழித்து.

"ஒண்ணுக்குப் பன்னெண்டுன்னா என்னடி அர்த்தம்?"

சாய்தளத்தை நெடுஞ்சாலைத் துறை என்ஜினியர் ஒருவர் வரைகிறார். பயணிகள் தரப்பில் அக்காவைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் என்று சொன்னேன்.

"இவரு ஒண்ணுக்குப் பத்துன்னு போட்டிருக்காரு."

"ஒத்துக்காதே. கை போயிடும் உனக்கு. திருப்பத்துல நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டராவது சமதளம் இருக்கணும். அதையும் கேளு."

"ம்." வைத்துவிட்டாள்.

நான்கு நிமிடம்.

நவம்பர் 3, திங்கள்

விழா இல்லை, ரிப்பன் இல்லை. காலையில் தடுப்பை எடுத்தார்கள், அவ்வளவுதான். சாம்பல்நிறக் கான்கிரீட், துத்தநாகம் பூசிய கைப்பிடி. வெள்ளைப் படிகளை நான்கு முறை குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. தையல் போட்ட முகம் என்று அவர் சொன்னது சரிதான். நான் வரைந்தது இதைவிட நன்றாக இருக்கும் - இந்த எண்ணம் இன்னும் எனக்கு வருகிறது பார்.

வேலைக்குப் போகும் வழியில் எதிர்நடைபாதையில் நின்றேன். (பள்ளிக் கழிவறைகள் வரைகிற சின்ன அலுவலகம். வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார்.) தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். பெட்டி இழுப்பவர்கள். மீன்கூடை உருட்டுகிறவர். முழங்கால் வலிக்காரர்கள். அரைமணி நேரத்தில் படிகளில் ஏறியவர்கள் ஒன்பது பேர். மற்ற எல்லோரும் இதில்தான். ஒருவன் படம் எடுக்க வந்து, "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை அறையலாம் போல இருந்தது. எட்டு மாதம் முன்னால் நான் அவன்.

அக்கா காலை ஏழு பத்துப் படகுக்கு வந்தாள். தனியாக. ஏறினாள். என்னைப் பார்த்தாளா தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் குறுஞ்செய்தி: "மூணாவது திருப்பத்துல தண்ணி நிக்குது. டேப் எடுத்துட்டு வா."

போனேன். நேற்றைய மழை குட்டையாகக் கிடந்தது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் வடிகால் பக்கம் உயர்ந்திருக்கிறது. முட்டி போட்டு அளந்தேன். அக்கா மேலிருந்து குறை சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் எழுதினேன். கைப்பிடி இரண்டாம் திருப்பத்தில் சொரசொரப்பு. விளக்கு ஒன்று எரியவில்லை. ஓரக் கட்டை தாழ்வு. மேலே கூரை ஒழுகுகிறது, சரியாக ஏறி முடிக்கிற இடத்தில். போகிற வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பதினொரு குறை ஆச்சு" என்றேன். "இன்னும் இருக்கா?"

அவள் சக்கரத்தின் பூட்டை எடுத்தாள். படகு சங்கு ஊதியது.

"நீ இளைச்சுப் போயிட்டே" என்றாள். "சாயங்காலம் கீழே வந்து சாப்பிடு."

அதை அந்தக் குறிப்பேட்டில் எழுதவில்லை. இதில் எழுதுகிறேன்.